அப்பா மறைத்த வீக்கம்

அன்பு மகன் எபிசனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம், இதை இன்றைக்கு மனசறிந்து எழுதுகிறேன். மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே பதறிவிடுவாய் என்றுதான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற ஷாஜன் கையில் கடிதமாகக் கொடுத்துவிடுகிறேன்.

கொஞ்ச காலமாக அப்பா என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. மார்த்தாண்டத்தில் கடையிலேயே சாப்பிட்டாச்சு என்பார். என் சமையல் கசந்துவிட்டதென்று நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். திடீரென்று கேஸ் புக் பண்ணவும் மோட்டார் போடவும் சொல்லித் தந்தார். எனக்கு எதற்கு என்றதற்கு, "படிச்சு வச்சுக்க நேசம், எப்பளும் நான் இருப்பனா" என்று சிரித்தார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து வற்புறுத்திச் சாப்பிட வைத்தேன். இரண்டு வாய் இறங்கியதும் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் நெல்லிக்காய் போல வீங்கி, வலியில் கண் கலங்கிவிட்டது. "எங்க அண்ணனுக்கும் கழுத்துலதான தொடங்கிச்சு, ஒனக்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்" என்றார். புற்றுநோயில் போன உன் பெரியப்பாவைத்தான் சொன்னார்.

மறுநாளே காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். நாக்குக்கு அடியில் விரலால் தடவி, ஸ்கேனும் பார்த்துவிட்டு, புற்று ஒன்றுமில்லை, எச்சில் வரும் குழாயில் கல் அடைத்திருக்கிறது என்றார்கள். சாப்பிடும்போது எச்சில் ஊறி, வெளியே வர வழியில்லாமல் வீங்குமாம். தண்ணீர் நிறையக் குடித்து, எலுமிச்சை சப்பி, தாடையைத் தடவிவிட்டால் சின்னக் கல் தானே வந்துவிடுமாம். அப்பாவுக்கு அப்படியும் வரவில்லை. குழாயின் வாயோரமே இருந்ததால் மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள்ளேயே லேசாகக் கீறி எடுத்தார்கள். ஒரு அரிசி அளவுதான் எபிசன் மக்களே. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இதுக்கா இத்தன நாளு ஒன்னப் பிரிஞ்சிருவேன்னு கெடந்தேன்" என்று அந்த டாக்டரம்மா முன்னாலேயே அழுதுவிட்டார்.

நேற்று மீன் புளிமுளம் குழம்பு ஊற்றி, இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுக்களையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

நீ தண்ணீர் குடிக்க மறக்காதே. உடம்புக்கு என்னவானாலும் தனியாக மனசில் போட்டு உழப்பாதே, டாக்டரிடம் போ, எங்களிடமும் சொல். ஷாஜனிடம் முந்திரிக்கொத்து இருக்கிறது, வாங்கிக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அவராகச் சொல்லுகிற அன்று, முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள் மக்களே.

உன் அம்மா,
நேசபாய் சுந்தர்சிங்