உள்பக்கம் திரும்பிய எழுத்து

மே 19

ப்ளஸ் ஒன் ரிசல்ட் வந்து மூன்று நாள். தமிழில் நாற்பத்தொன்று. பெயர் செம்மொழி, மார்க்கு கம்மிமொழி. வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிச் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. நாள் முழுக்க பொக்லைன் ஓட்டிய களைப்பு. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்குள் எங்கள் வாய்க்காலைத் தூர்வாரி முடிக்க வேண்டுமாம்.

மே 20

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பொக்லைன் நின்றிருந்தது. வாய்க்கால் நடுவில் இரண்டு நீளக் கருங்கற்கள். ஒன்றில் எழுத்து!

“பழைய மதகுக் கல்லு பாப்பா. நாளன்னிக்கு ரெண்டு இடி இடிச்சா உடைஞ்சிரும்.”

கல்லைக் கழுவி, எழுத்துக் குழியில் கோலமாவைத் தேய்த்துப் படம் எடுத்து ஷமீரா அக்காவுக்கு அனுப்பினேன். மளிகைக்கடை மீரா சாகிப் மகள், மன்னார்குடியில் எம்.ஏ. வரலாறு. உடனே போன்.

“எங்கடி கெடைச்சுது? இது உன் போட்டோஷாப் வேலையா இருந்துச்சு, கொன்னுருவேன்.”

(போன வருடம் ‘சோழர் காலச் சோப்பு டப்பா’ அனுப்பியிருந்தேன். நியாயமான சந்தேகம்தான்.)

ஒரு மணி நேரம் கழித்துப் படித்துச் சொன்னாள்.

ஏரி நிறைத்தான் இறைவன் எனச்சொல்வீர்
ஊரில்யார் வெட்டினார் கேட்டீரோ

“இறைவன்னா இங்க ராஜாடி. ராஜா ஏரிய நெறைச்சான்னு புகழுறீங்களே, வெட்டினது யாருன்னு கேட்டீங்களான்னு கேக்குது. வழக்கமா நிலம் குடுத்தது, வெளக்குக்கு ஆடு குடுத்ததுன்னுதான் இருக்கும். இது பாட்டு! எழுத்தப் பார்த்தா எண்ணூறு வருஷம் இருக்கும். மதகுக்கு முன்னாடி இது கோயில் சுவத்துக் கல்லா இருந்திருக்கும்டி, கரைக்கு அடியில கோயிலே பொதைஞ்சு கெடக்கலாம்.”

“மீதிப் பாட்டு?”

“அடுத்த கல்லுல.”

கோயில் சுவரிலேயே ராஜாவை நக்கலடித்திருக்கிறாள் ஒருத்தி. ஒருத்தனோ? இல்லை, ஒருத்திதான். எனக்குத் தெரியும்.

இரண்டாவது கல் குப்புறக் கிடக்கிறது. அடியில் கையை விட்டுத் தடவினேன். விரலில் எழுத்து தட்டுப்பட்டது. யார் வெட்டினார்கள் என்ற பதில் என் நகத்துக்கு அடியில். புரட்டத்தான் முடியவில்லை.

ஞாயிறுதான் அக்காவால் வர முடியும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றினால் எழுத்து அப்படியே தாளுக்கு வந்துவிடுமாம். அதுவரை கல் உடையக்கூடாது.

மே 21

“அப்பா, அதுல பாட்டு இருக்குப்பா.”

“தண்ணி வர்றதுக்குள்ள முடிக்கலன்னா ஊரே என்னைப் பாட்டுப் பாடும். போ பாப்பா.”

நாளைக்கு இடிக்கப்போகிறார். பொக்லைனை யார் நிறுத்த முடியும்? கலெக்டர். இல்லை, பாம்பு.

வைக்கோல் போரில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. முழுசு. தலை முதல் வால் வரை கிழிசல் இல்லை. கல் மேல் பரப்பி, பக்கத்தில் எலுமிச்சை, கொஞ்சம் குங்குமம். யாரும் பார்க்கவில்லை. என் வாழ்நாள் சாதனை.

மே 22

ஊரே வாய்க்காலில். ராஜாத்தி அத்தை குலவை விட்டாள். அப்பா பொக்லைனை ஆஃப் பண்ணிவிட்டு, இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாய்க்கால் ஓரமாய் வளைத்துத் தோண்டிக்கொள்கிறேன் என்றார். நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். கல் பிழைத்தது!

மே 23

தாளும் பிரஷ்ஷும் வாங்க மன்னார்குடி போயிருந்தேன். நாலு மணி நேரம். நாலே மணி நேரம்தான்.

வந்து பார்த்தால் கரையில் பீடம். வார்டு மெம்பர் அமிர்தலிங்கம் மாமா சிமெண்டு கொடுத்திருக்கிறார். என் அப்பாதான் பொக்லைனால் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார். ரெண்டு கல்லும் உள்ளே. மேலே புது நாகர் சிலை, மஞ்சள் துணி.

“எழுத்து எங்க மாமா?”

“சாமி எழுத்தும்மா அது. கால் பட்டா பாவம், மழை பட்டா தேஞ்சு போயிரும். அதான் எழுத்துப் பக்கத்த உள்ள திருப்பி வச்சு, நல்லா கலவையக் கொட்டிக் கெட்டியாக்கிட்டோம்.”

எவ்வளவு மரியாதை. ஐயோ, எவ்வளவு மரியாதை.

ரெண்டாவது கல்லை யாராவது படம் எடுத்தீர்களா என்று ஒவ்வொருவராய்க் கேட்டேன். எல்லோரிடமும் பாம்புச் சட்டை படம்தான் இருக்கிறது.

மே 24

சாப்பிடவில்லை.

மே 25

ஷமீரா அக்கா பீடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கலவை எழுத்துக்குள் இறங்கிப் பிடித்திருக்கும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும் என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பொறுக்க முடியாமல் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். “பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல! சட்டைய வச்சது நான்தான்! கல்ல உடைக்கக் கூடாதுன்னு வச்சேன்!”

அடி விழும் என்று நின்றேன். அப்புறம் அமிர்தலிங்கம் மாமா மெதுவாகக் கேட்டார்:

“சரிம்மா, நீதான் வச்ச. வைக்கணும்னு உனக்குத் தோண வச்சது யாரு?”

ராஜாத்தி அத்தை என் காலைத் தொட்டாள்.

இத்தனை வருடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், ஒன்றையும் இவர்கள் நம்பியதில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்றேன், அதுலயும் சாமியப் பார்க்குறாங்களே, நான் என்னதான் பண்றது?

ஜூன் 23

தண்ணீர் வந்தது. பூவும் நெல்லும் தூவினார்கள். கரைக்கு அடியில் இருப்பது இனி தண்ணீருக்கும் அடியில்.

ஆகஸ்ட் 8

அக்கா மனுப் போட்டு, தொல்லியல் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பீடத்தைத் தொடவிடாமல் பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். “கல்லு எங்கம்மா?” என்றார் ஒருவர். நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: ‘எழுத்துகள் தென்படவில்லை.’

செப்டம்பர் 14

பாட்டின் மீதியை நானே எழுதிப் பார்த்தேன். பதினேழு தடவை. அவள் எழுதியது போல வரவில்லை. கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 24

வெள்ளிக்கிழமை. இப்போதெல்லாம் பீடத்தில் நான்தான் திருநீறு கொடுக்க வேண்டும், ஊர் முடிவு. ராஜாத்தி அத்தை என்னை ‘நீங்க’ என்கிறாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கத் தயாராக இல்லை.

வரிசையில் கடைசியாக அப்பா. வயலிலிருந்து நேரே வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் குனிந்தார்.

பூசிவிட்டேன்.