வாசலில் காகிதப்பூ

தூத்துக்குடி
10-3-1947

அன்புள்ள மகளுக்கு,

நீ எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு கொழும்புக்குப் போன பிறகு, வாசலில் நீ நட்ட காகிதப்பூச் செடிக்கு இரண்டு வருஷமாக நானே தினமும் தண்ணீர் ஊற்றினேன். இலைதான் வந்தது. போன மாதம் காய்ச்சலில் இருபது நாள் படுத்துவிட்டேன். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எழுந்து வந்து பார்த்தால் செடி முழுக்கச் சிவப்பாகப் பூத்திருக்கிறது!

ஆச்சரியம் தாங்காமல் உன் அம்மாவிடம் கேட்டேன்.

"தண்ணிய நிறுத்துனாத்தான் பூக்கும்னு ஒங்க மவ அப்பமே சொன்னா. நீங்க எங்க கேட்டிய?" என்றாள்.

வேறு என்னவெல்லாம் சொன்னாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பூத்து முடிந்ததும் கிளையை எவ்வளவு வெட்ட வேண்டும்? பதில் எழுத வேண்டாம். மருமகனோடு கப்பல் ஏறி வந்து காட்டு.

அப்பா