தமிழிலேயே சொல், வேலு

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வேல்ராஜுக்கு அம்மா பேராச்சி எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கிறது? மொட்டை மாடியில் ஏறி ஏசி ரிப்பேர் பார்க்கும்போது தலையில் துணி கட்டிக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "ஓகேம்மா" என்று வைத்துவிடுகிறாய். சாப்பிட்டாயா என்றால் ஓகே, காய்ச்சல் விட்டதா என்றால் ஓகே, நான் அழுதாலும் ஓகே. காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. ஏழாவது வரை தமிழில் படித்தவன்தானே, எழுத்துக் கூட்டியாவது படித்துவிடு. லீவு முடிந்து உன் கேம்புக்குத் திரும்பும் நஜிமுதீனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

கணேசபாண்டியன் மாமா உனக்கு மெசேஜ் போட்டாராமே, "தங்கச்சி மேட்டர் செட்டில்" என்று. நீயும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாயாம். அந்தப் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தியா, ஒம்மவனே சரின்னுட்டான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்தும் விரலைத் தூக்கினாய் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

முத்துமாரியை அவள் புருஷன் வெங்கடேஷ் கன்னத்தில் அறைந்தான் என்றுதானே உனக்குச் சொன்னார்கள்? கன்னம் இல்லை, காது. அவள் வேலைக்குப் போவதை நிறுத்த மாட்டேன் என்றதற்கு விழுந்த அடி. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "கான் கா பர்தா ஃபட் கயா" என்று இந்தியில் நேராகச் சொன்னார். இடது காதின் சவ்வு கிழிந்துவிட்டது. அதுவாகவே கூடலாம், கூடாமலும் போகலாமாம். இத்தனை பேரில் சுற்றி வளைக்காமல் பேசியது அந்த அம்மா ஒருத்திதான்.

நெருளில் அவன் வீட்டுக்குப் போய் நான்தான் அவளைக் கூட்டி வந்தேன். ரயிலில் நல்ல கூட்டம். லேடீஸ் டப்பாவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒரு மராட்டிக்காரி இவள் காதிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களிடம் "ஸரா அட்ஜஸ்ட் கரோ" என்றாள். ஆளுக்கு நாலு விரல் நகர்ந்தார்கள், நாலாவதாக இவளுக்கு இடம் கிடைத்தது. செம்பூர் ஸ்டேஷன் வந்ததும் உன் தங்கை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். உனக்குப் பேசி வைத்திருக்கிற கோகிலவாணி வீட்டு ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் அண்ணன் கல்யாணம் கெட்டுவிடுமாம். காது கிழிந்தவளுக்கு அந்தக் கவலை.

நீயும் அன்று இரவு போனில் அதே வார்த்தையைத்தான் சொன்னாய். "நிச்சயம் முடியுற வரைக்குமாச்சும் அவள அட்ஜஸ்ட் பண்ணிக்கிடச் சொல்லும்மா" என்றாய். வேலு, அந்த வார்த்தையோடு எனக்குச் சண்டை இல்லை. நான் நூல் வெட்டப் போகிற பட்டறையில் தையல் மிஷினை அட்ஜஸ்ட் செய்கிறோம். இந்தப் பத்துக்குப் பத்து அறையில் உன் அப்பா இருந்தபோது ஐந்து பேர் அட்ஜஸ்ட் செய்துதான் படுத்தோம். ஆனால் அங்கெல்லாம் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்கிறார்கள். ஒருத்தியை எழுப்பி நிற்கவைத்துவிட்டு மற்ற மூன்று பேரும் காலை நீட்டிக்கொள்வதற்கும் அதே பெயரா?

போன ஞாயிறு மாமா தலைமையில் வெங்கடேஷும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்தம்மா எடுத்த எடுப்பிலேயே, "கை நீட்டுனது தப்புதான் மதினி, ஆனா அவனுக்கு ஆபீஸ்ல டென்ஷன்" என்றாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் டென்ஷன், தண்ணீர் வராவிட்டால் எனக்கும் டென்ஷன். நான் யார் காதைக் கிழித்தேன்? இவனுக்கு மட்டும் டென்ஷன் கை வழியாகவா இறங்கும்? பிறகு மாமா ஆரம்பித்தார். வெங்கடேஷ் நெருளில் செட்டில் ஆனவன், நீ மஸ்கட்டில் செட்டில், இந்தத் தகராறையும் பேசி செட்டில் பண்ணிவிடலாம் என்றார். சட்டைப்பையில் சில்லறை வைத்திருப்பது போல அவர் வாயில் நாலு இங்கிலீஷ் வார்த்தை எப்போதும் இருக்கும். எந்தக் கடையிலும் அதையே நீட்டுவார்.

நான் ஒரு தப்புச் செய்தேன். பேசிக்கொண்டே மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினியாக எப்படி உட்காரவைப்பது என்று சோறும் புளிக்குழம்பும் வைத்தேன். அப்பளம் கூடப் பொரித்தேன். மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து மாமா, "அப்புறம் என்ன, சம்பந்தி வீட்டுல கை நனைச்சாச்சு. மேட்டர் குளோஸ். முத்துமாரி, துணிமணிய எடுத்து வைம்மா" என்றார். பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்பது நம் ஆட்களின் வழக்கம்தான். எனக்கும் தெரியும். பம்பாய்க்கு வந்து இத்தனை வருஷத்தில் எத்தனையோ வழக்கத்தை விட்ட அந்த மனுஷருக்கு, என் சோற்றைத் தின்ற பிறகு இந்த ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது.

உன் தங்கை எழுந்து பையை எடுத்தாள் வேலு. பரணிலிருந்து பையை எடுத்து இரண்டு சுடிதாரை மடித்து வைத்தாள். பையைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். "அண்ணே, பசிச்ச வயித்துக்குப் போட்டேன், சம்மதமுன்னு போடல. மேட்டர், செட்டில், அட்ஜஸ்ட் எதுவும் வேண்டாம். அடி வாங்கிக்கிட்டுக் கெடன்னு தமிழ்ல அவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க, அனுப்புதேன்" என்றேன். மாமா எழுந்துவிட்டார். வெங்கடேஷ் செருப்பைத் தேடினான். அவர்கள் இறங்கிப் போன பிறகு, சந்துக்குள் நின்றுகொண்டு மாமா உனக்கு அனுப்பியதுதான் அந்த மெசேஜ். உன் பதில் வந்ததும் மறுபடி மேலே ஏறி வந்துதான் என்னிடம் போனை நீட்டினார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. தமிழில் சொன்னால் சொல்கிறவன் வாயே கூசுகிற விஷயத்துக்கெல்லாம் நீங்கள் அந்த வார்த்தைகளைப் போர்த்தி வைக்கிறீர்கள். அடித்ததும் மேட்டர், காது போனதும் மேட்டர், உன் கல்யாணத் தேதியும் மேட்டர். ஒரே போர்வை. உள்ளே என்ன கிடக்கிறது என்று யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை.

இனி நீ கோபப்படப் போகிற செய்தி. வியாழக்கிழமை நான் செம்பூருக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். மறைத்துப் பெண் எடுக்க எனக்கு இஷ்டம் இல்லை. கோகிலவாணியின் அம்மா காபி கொடுத்தார்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், முத்துமாரி இனி நம் வீட்டில்தான் இருப்பாள் என்பதையும் சேர்த்து. அவள் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, "பாத்து சொல்லுதோம்" என்றார். அதற்குள் கோகிலவாணி உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முத்துமாரிக்குக் காது எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டாள். அடுத்து அவள் கேட்டதுதான் மூன்று நாளாக என்னைத் தூங்க விடவில்லை. "விஷயம் தெரிஞ்சதும் அவங்க என்ன சொன்னாங்க அத்தை?" என்றாள்.

நீ சொன்னதை நான் சொல்லவில்லை. மகனைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை, அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. "அவனே ஒனக்குச் சொல்லுவான்ம்மா" என்று எழுந்துவிட்டேன். காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது. அந்த வீட்டில் நான் இன்னும் கை நனைக்கவில்லை, வேலு.

அவள் உன் போனுக்காகக் காத்திருக்கிறாள். அவளிடம் என்ன சொல்வாயோ, அது உன் பாடு. ஆனால் அதற்கு முன்னால் உன் தங்கையைக் கூப்பிடு. ஒரு வாரமாகப் பையை மறுபடி பரணில் ஏற்றாமல் கதவுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறாள். நான் எவ்வளவு சொன்னாலும் அண்ணன் சொல்லவில்லையே என்றுதான் அவள் கண் சொல்கிறது.

முத்தாரம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உன் வாய்க்கு நல்ல சொல்லைக் கொடுக்கட்டும். தங்கையைக் கூப்பிடும்போது கொஞ்சம் உரக்கப் பேசு, ஐயா. போனை அவள் பழக்கத்தில் இடது காதில்தான் வைத்துக்கொள்கிறாள், பிறகுதான் ஞாபகம் வந்து மாற்றுகிறாள். "நம்ம வீட்டுலயே இரு" என்று நீ சொல்வது அதற்குள் முடிந்துவிட்டால், இன்னொரு தடவை சொல்.

உன் அம்மா,
பேராச்சி.