அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டியே

அதெப்படிடி என் கண்ணே, நீ சர்க்கரை, தைராய்டுன்னு எல்லாத்துக்கும் கையை நீட்டி ரத்தம் குடுத்துட்டு, எச்ஐவி பரிசோதனை மட்டும் வேண்டாம்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டு வந்தே? நீ போன்ல சொன்னதுலேருந்து சித்திக்குச் சோறு இறங்கலை. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு செய்யற காரியமாடி இது?

உன் பயம் புரியாம இல்லை. இன்சூரன்ஸ் உன் வீட்டுக்காரர் பேர்ல, அவர் கப்பல் கம்பெனி குடுத்தது. விஷயம் அவர் காதுக்குப் போனா, கப்பல் அடுப்படியில வெந்துட்டு வந்தவனைச் சந்தேகப்படுறியான்னு குதிப்பாரு. அதானே?

அதான் நீ அனுப்பின இன்சூரன்ஸ் கார்டு படத்துல இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். எங்க தையல் கம்பெனி சாப்பாட்டு ரூம்ல வச்சுத்தான். எனக்குக் காது மந்தம்னு தெரியுமே, ஸ்பீக்கரைப் போட்டுக்கிட்டு, எச்ஐவி டெஸ்டுக்கு நீங்க பணம் கட்டுவீங்களாம்மான்னு கத்திட்டேன். மென்னுக்கிட்டிருந்த வாயெல்லாம் நின்னு போச்சு! பக்கத்துல இருந்த பொத்தான் தைக்கிறவ சாப்பாட்டு டப்பாவை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திக்கிட்டா. இந்த வயசுல அக்காவுக்கு இதெல்லாம் எதுக்குன்னு ஒருத்தி சிரிச்சா. உன் பேரு வரக்கூடாதே, ஆமாண்டி எனக்குத்தான்னுட்டேன். அப்புறம் பாரு, டப்பா நகர்த்தினவளே கை கழுவற இடத்துல வந்து, ஆபீஸ்காரி என்னக்கா சொன்னான்னு காதோட காதா கேக்குறா!

இன்சூரன்ஸ் ஆபீஸ்ல போன் எடுத்த பொண்ணு சொன்னதைக் கேளு. மாசமா இருக்கிற எல்லாருக்கும் எடுக்கிறதுதானாம். முழுப் பணமும் அவங்களே கட்டிடுவாங்களாம், ஏன் எதுக்குன்னு கேள்வி இல்லையாம். உன் வீட்டுக்காரருக்குப் போற கணக்குச் சீட்டுல பேறுகாலப் பரிசோதனைன்னு மொத்தமா ஒரே வரிதானாம். முடிவை உன்கிட்ட மட்டும்தான் சொல்வாங்களாம். அப்படியே ஏதாவது இருந்தாலும் இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா பிள்ளைக்கு ஒட்டாம பார்த்துக்கலாம்னு எங்க டாக்டரம்மாவும் சொன்னாங்க. நாள் கடத்தத்தான் கூடாதாம்.

கடவுள் பார்த்துக்குவார்னு மட்டும் சொல்லாதே. சாமி கும்பிடாம பச்சைத் தண்ணி குடிக்காதவ சொல்றேன், அவர் பார்த்துக்குவார்தான், ஆனா ரத்தம் குடுக்க அவரா வருவாரு? இந்தக் கடுதாசி கையில கிடைச்சதும் கிளம்பிப் போ. அம்மா இல்லாத பொண்ணுன்னு உன்னை நான் ஒருநாளும் நினைச்சதில்லை, நீயும் நினைக்காதே. நீயும் பிள்ளையும் நூறு வயசு நல்லா இருக்கணும்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
சித்தி

கவரை ஒட்டப் போறப்பதான் ஞாபகம் வருது. போன வாரம் உன் வீட்டுக்காரர் போன் பண்ணினாரு. நான் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, அதுக்கு இன்சூரன்ஸ்காரங்க பணம் கட்டினா வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரிய வருமா அத்தைன்னு கேட்டாரு. சர்க்கரைக்குக் கேக்குறாருன்னு நினைச்சு, எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளைன்னு சொல்லி வச்சுட்டேன்.