வீடு பார்க்க வந்தவர்களுக்கு டீ

வெள்ளிக்கிழமை, கோவளம்.

ஞாயிறு ராத்திரி தோஹாவுக்கு ஃப்ளைட். வீட்டு அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. வீட்டுக்கார அம்மா ஏமாற்றுகிறவர் இல்லை. அந்தப் பணத்தைப் பையனுடைய படகு இன்ஜினில் போட்டுவிட்டார், அவ்வளவுதான். "புதுசா வர்றவங்க அட்வான்ஸ் குடுத்ததும் அப்படியே உன் கைல குடுத்துடறேம்மா. இப்ப என்கிட்ட இன்னா கீது?" என்று ஒரு மாதமாகச் சொல்கிறார். அதனால் வீட்டைக் காட்டும் வேலையும் என் தலையில்தான்.

இன்று சாயங்காலம் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அவன் நாவலூர் கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறானாம். அவள் மாசமாக இருக்கிறாள். மெதுவாக ஒவ்வொரு ரூமாகப் பார்த்தாள். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில்தான் கேட்டாள். "தண்ணி எப்படிக்கா, உப்பா?"

இங்கே போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சோறு வடிக்கக்கூட நான் கேன் தண்ணீர்தான் வாங்குகிறேன்.

"உக்காரும்மா, டீ போடறேன்" என்றேன்.

கேன் தண்ணீரில்தான் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "நல்லாத்தானே கீது."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் அட்வான்ஸ் கொடுக்கிறார்களாம். மத்தியானத்துக்குள் என் பணம் வந்துவிடும். பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.

நான் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று, காலி செய்துகொண்டிருந்த அக்கா எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனசு என்று அம்மாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.