மிளகாய் காயும் வலைக்கதவு

கஞ்சிக்கோடு
12-9-1977

அன்புத் தம்பி சிலுவைராஜுக்கு ஆறுச்சாமி அண்ணன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீயும் உன் அக்கா புஷ்பமேரியும் சுகமாக இருக்க வேண்டும். மலையேறிப் போனவன் ஒரு வரி எழுதவில்லையே என்று உன் அண்ணியிடம் குறைப்பட்டேன். "வலக்கை விரல் நாலும் போயிருக்குது, எதுல எழுதுவான்? நீங்கதான் எழுதோணும்" என்று என்னையே திட்டினாள். அவள் சொன்னது சரிதான்.

பாக்டரி சங்கதி சொல்கிறேன். ஆடியில் உனக்கு அடிபட்ட நாளிலிருந்து டின் மூடி அடிக்கிற அஞ்சாம் பிரஸ் ஓடவில்லை. எவனும் கிட்டப் போக மாட்டேன் என்கிறான். கோழி அறுத்தோம், பூசணிக்காய் உடைத்தோம். மயில்சாமி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "ரத்தம் குடிச்ச மிசினுங்க. ரத்தத்துக்குச் சொந்தக்காரன் வந்து அவன் கையால ஓட உட்டாத்தான் அடங்கும்." மற்றவர்களும் அவன் பக்கம். மேஸ்திரி என்று என்னை வைத்திருக்கிறார்கள், என் பேச்சு ஒன்றும் எடுபடவில்லை.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆயுத பூஜையன்று நீ வந்து அந்த பிரஸ்ஸை ஓட விட்டுக் கொடுத்தால், உனக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை நிச்சயம் என்றார். உட்கார்ந்த வேலை, காக்கிச் சட்டை கொடுப்பார்கள். பஸ் ஏறி வந்துவிடு தம்பி. என் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

நீ சோறு கொண்டுவரும் தூக்குப்போசி, நீ மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. வந்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ஆறுச்சாமி


சின்னக்கானல்
21-9-1977

மதிப்பிற்குரிய ஆறுச்சாமி அண்ணனுக்கு சிலுவைராஜ் வணக்கம் சொல்லி எழுதுவது.

இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அண்ணியைப் படிக்கச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

இங்கே விடாத மழை. குளிர் ஏறினால் தையல் போட்ட இடம் இழுக்கிறது. அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் லயத்து வீட்டில் நான் தனியாக அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். தோட்டத்தில் எனக்கு வேலை இல்லை. கொழுந்து பறிக்கவோ கவாத்துக்கத்தி பிடிக்கவோ இந்தக் கையால் முடியாது. தோட்டத்தில் பேர் இல்லாதவன் லயத்தில் எத்தனை நாள் இருப்பான் என்று கணக்கப்பிள்ளை அக்காவிடம் கேட்டிருக்கிறார். தீபாவளி வரைக்கும் என்று கெஞ்சி வைத்திருக்கிறாள். அதனால் வாட்ச்மேன் வேலை என்றதும் எனக்கு ஆசை வந்தது உண்மைதான். பொய் சொல்வானேன்.

அக்காவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஏலே, உன் கையத் தின்ன மிஷினு மூஞ்சில போயி முழிக்கணுமாக்கும்?" என்று சத்தம் போட்டாள். உடனே, "வேல குடுக்காகளாம்ல, போயிட்டு வா" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

ஒன்று கேட்க வேண்டும். அஞ்சாம் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் மறிக்கும் கம்பி வலைக்கதவைத் திரும்ப மாட்டியாயிற்றா? ஒவ்வொரு மூடிக்கும் அதை ஏற்றி இறக்க நேரமாகிறது என்று ஓணத்து பிஸ்கட் டின் அவசரத்தில் கழற்றியது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து துணிமணி எடுத்த அன்று பார்த்தேன், கேன்டீன் குஞ்சு முகம்மது அதன் மேல் மிளகாய் காயவைத்திருந்தார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறதா?

அன்புடன்,
சிலுவைராஜ்


கஞ்சிக்கோடு
1-10-1977

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணிதான் படித்தாள். கோணல் எழுத்துதான், ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டாள். படித்து முடித்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள், வெகு நேரம் வரவில்லை.

இங்கே வெயில் குறைந்து பாலக்காட்டுக் காற்று ஆரம்பித்துவிட்டது. பாக்டரித் தகரமெல்லாம் படபடக்கிறது. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து தெளிந்தது. வாட்ச்மேன் சட்டை தைக்க உன் அளவைக் கேட்டார்கள், என் அளவையே கொடுத்துவிட்டேன். நீ இளைத்திருப்பாய், அண்ணி பிடித்துத் தைத்துக் கொடுப்பாள்.

மேனேஜர் தினமும் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது, எனக்குத் தூக்கமே இல்லை. நீ பூஜைக்கு முதல் நாளே மூணாறு வந்து, உடுமலை பஸ் பிடித்து, பொள்ளாச்சி வழியாக வந்துவிடு. நான் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

வலை விஷயத்தை மேனேஜர் காதில் போட்டேன். "முதல்ல மிஷின் ஓடட்டும் ஆறுச்சாமி, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அவர் சொன்னால் செய்வார். நீ அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

உன் அண்ணன்
ஆறுச்சாமி


சின்னக்கானல்
9-10-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

சட்டை வரைக்கும் வந்துவிட்டதா. அக்காவிடம் சொன்னேன், சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிவிட்டது.

ஆனால் நான் வரவில்லை அண்ணே. கோபத்தில் சொல்லவில்லை, கோபப்படத் தெம்பும் இல்லை. நான் வந்து பொத்தானை அமுக்கினால் மயில்சாமிக்கும் மற்றவர்களுக்கும் பயம் போய்விடும். வலை இல்லாத மிஷினில் தைரியமாகக் கையை விடுவார்கள். இன்றைக்கு அவர்கள் விரலைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தப் பயம் ஒன்றுதான். அதை எடுத்துக்கொடுத்துவிட்டு கேட்டில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து, அடுத்தவன் கையைச் சாக்கில் சுற்றி அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான்தானே கேட்டைத் திறந்துவிட வேண்டும்? என்னால் முடியாது.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. ஆயுத பூஜைக்கு ஸ்பானர், சுத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பீர்கள். அந்த வலையையும் கழுவி, பிரஸ்ஸில் மாட்டி, அதற்கும் பொட்டு வைத்து மாலை போடுங்கள். பூஜையில் வைத்ததைக் கழற்ற நம் ஆட்களுக்குக் கை வராது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், எனக்கே அந்த பயம் உண்டு என்றால் அவர்களுக்கு இருக்காதா? மேனேஜரிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அன்று வலையைக் கழற்றிய ஸ்பானர் உங்கள் கையில் இருந்தது. கழற்றச் சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஒருவரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். அண்ணிக்கும் இது தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தை மட்டும் நீங்களே படியுங்கள். ஸ்பானர் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது அண்ணே.

போசியை மட்டும் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுங்கள். அக்கா சீதனமாகக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தது.

உங்கள் தம்பி
சிலுவைராஜ்


கஞ்சிக்கோடு
27-10-1977

தம்பி சிலுவைக்கு,

உன் கடிதத்தைச் சொன்னபடியே நான் மட்டும் படித்தேன். உன் கோணல் எழுத்தைக் கூட்டிப் படிக்க ஒரு ராத்திரி ஆனது. பிறகு அண்ணியிடம் நானே சொல்லிவிட்டேன். மறுநாள் சோறு போட்டாள், அவ்வளவுதான்.

பூஜையன்று விடிந்ததும் கேன்டீனுக்குப் போனேன். "மிளகாயை எங்க கொட்டட்டுங்க?" என்று குஞ்சு முகம்மது கேட்டார். என் துண்டை விரித்தேன், அதிலேயே கொட்டினார். வலையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். காரம் இன்னும் என் நகக்கண்ணில் எரிகிறது. மாட்டி முடுக்கி, சந்தனம், குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டேன்.

ஆனாலும் ஓட விட ஆள் வரவில்லை. சொந்தக்காரன் வரலையே என்று நின்றார்கள். கடைசியில் மயில்சாமியே ஆணியிலிருந்து உன் போசியை எடுத்து வந்தான். "அவன் சோறு தின்ன போசிங்க. அவன் கை பட்டதுதானுங்க" என்று மிஷின் முன்னால் வைத்தான். கற்பூரம் காட்டி ஓட விட்டோம். வலை இறங்கி ஏறி, இறங்கி ஏறித்தான் ஓடியது.

மறுநாள் மேனேஜர் கழற்றச் சொன்னார். பொட்டு வைத்ததை எப்படித் தொடுவது என்று ஒவ்வொருவனும் நழுவினான். என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரை அவர் மேஜையில் வைத்தேன். "அவ்வளவு அக்கறையா, நீயே நின்னு ஓட்டு" என்றார். இப்போது நான் மேஸ்திரி இல்லை, அஞ்சாம் பிரஸ்ஸில் நிற்கிறேன். வாட்ச்மேன் வேலையைத் தன் டிரைவரின் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டார். உனக்குத் தைத்த சட்டையைத்தான் அவன் போட்டிருக்கிறான், தொளதொளவென்று.

காந்தலூரில் என் மாமன் முறை ஒருவர் பூண்டுத் தோட்டம் வைத்திருக்கிறார். காட்டுப் பன்றி விரட்ட ஆள் வேண்டும், தங்கக் குடிசை உண்டு. அதற்குக் கை வேண்டாம், தொண்டை போதும். எழுதியிருக்கிறேன், தீபாவளிக்கு முன் போய்ப் பார்.

போசியை அனுப்ப முடியாது தம்பி. அது மிஷின் பக்கத்திலேயே தொங்குகிறது. அதை எடுத்தால் வலையையும் எடுத்துவிடுவார்கள் என்று ஆட்கள் பயப்படுகிறார்கள். அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நேற்று ஷிப்ட் முடிகிற நேரம். மூடி ஒன்று கோணலாக விழுந்தது. யோசிக்காமல் கையை நீட்டிவிட்டேன். விரல் நுனி வலையில் முட்டி நின்றது. உள்ளே பிரஸ் இறங்கிய சத்தம் கேட்டது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஆறுச்சாமி