டயருக்குள் சுருட்டி வைத்தது

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாகக் கலந்த என் மனைவிக்கு,

இங்கே நலம். உன் நலத்தை விசாரிக்கக்கூட இப்போது பயமாக இருக்கிறது. "பின் சக்கரத்துக்கு ஒரு டயர் அனுப்புங்க, வேற எதுவும் வேண்டாம்" என்று ஒரே வரி அனுப்பியிருந்தாய். நீ சொன்ன கணவாய் அடிவாரத் தபால் நிலையத்துக்கே அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதமும் 'வேற எதுவும்' கணக்கில் வந்தால், அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. மகள் விடுமுறைக்கு வந்தாள். என் சமையலை ஒருவேளை சாப்பிட்டுவிட்டு, திடீரென்று பரீட்சை ஞாபகம் வந்து கிளம்பிவிட்டாள். துணி துவைக்கும் இயந்திரம் உன்னைத் தவிர யார் பேச்சையும் கேட்பதில்லை. என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இப்போது இளநீலம். நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டி அனுப்பிவிட்டேன். மனிதர் "எல்லாம் பளிச்சுனு இருக்கு" என்று வேறு சொன்னார். வாசற்படியில் தடுமாறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் புத்தி என்னிடம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலையில் தனியாகச் சைக்கிள் ஓட்டிப் போகிறவள் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் முன்கூட்டியே போன் செய்தது தப்புதான். முதல் விடுதியில் வெந்நீர் வைக்கச் சொன்னேன். அடுத்ததில் உன் முழங்காலைச் சொல்லிக் கீழ்த்தளத்து அறை கேட்டேன். மூன்றாவதில் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. "முடியலன்னாலும் சொல்ல மாட்டா, நீங்கதான் பிடிச்சு வைக்கணும்" என்றேன். அந்த அம்மாள் உன் சைக்கிளைக் கொட்டகையில் வைத்துப் பூட்டுவார் என்று நான் கண்டேனா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அன்று போனில் நீ திட்டியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். நீ திட்டவில்லை. "வார்டுல இத்தனை வருஷமா சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டவங்களுக்கெல்லாம் ஓடினேன். யாரும் கூப்பிடாத இடத்துக்கு வந்தா, அங்கேயும் எனக்கு முன்னாடி நீங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க" என்றாய். வழியில் உனக்குக் கிடைத்த அன்பில் எது அவர்களுடையது, எது நான் சொல்லிக்கொடுத்தது என்று இனி எப்படித் தெரியும் என்று கேட்டாய்.

இப்போது சொல்கிறேன். வெந்நீர் நான். கீழ்த்தளத்து அறை நான். ஆனால் முதல் விடுதிக்காரம்மா மழை விடும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையையெல்லாம் சொன்னாரே, அது நான் இல்லை. பாலத்தருகே யாரோ ஒரு லாரிக்காரர் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார் என்றாயே, அதுவும் நான் இல்லை. லாரிக்காரருக்கு நான் எங்கே போய்ப் போன் செய்வேன்? அவையெல்லாம் உனக்காகவே வந்தவை.

"இன்னொரு போன் பண்ணினீங்கன்னா அப்படியே திரும்பி வந்துடுவேன்" என்றாயே, எந்த ஆயுதத்தை யார் கையில் கொடுத்திருக்கிறாய் என்று யோசித்தாயா? கணவாய்க்கு அப்பால் இருப்பது ஒரே விடுதி. அதன் எண் எனக்கு மனப்பாடம். மேலே பனி விழுகிறது என்கிறார்கள். ஒரு போன் போட்டால் போதும், இரண்டொரு நாளில் நீ நம் சமையலறையில் நின்று என்னை வறுத்தெடுத்துக்கொண்டிருப்பாய். நேற்று எண்களை முழுவதும் அழுத்திவிட்டேன். மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது கண்ணு. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக உன்னைப் பாதி மலையிலிருந்து இறக்கிக்கொண்டுவர மனம் வரவில்லை.

புது டயரை மாட்டிக்கொண்டு ஏறு. பிரேக்கைப் பார்த்துக்கொள் என்று எழுதி, அடித்துவிட்டேன். உனக்குத் தெரியாததா?

கணவாயைத் தாண்டி இறங்கி, நடுங்கிக்கொண்டு ஒரு கதவைத் தட்டுவாய். யாராவது திறந்து அடுப்புப் பக்கம் உட்காரவைப்பார்கள். அவர்களைச் சந்தேகப்படாதே, ராசாத்தி. உன்னைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்